உமிச்சாம்பல் இலவசம்

786
மேலவாய்க்கால்,
கீழ்வேளூர் தாலுகா.
14-3-2006

அன்புத் தம்பி ஜாஃபர் சாதிக்குக்கு உன் அக்கா ரஹ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஹஃப்ஸா எழுதியது. நான் அஞ்சாவதோடு நின்றவள். கடைக்குச் சீட்டு எழுதினாலும் ஒற்று எங்கே வரும் என்று அவளைத்தான் கேட்பேன். இனி கேட்க ஆளில்லை. விட்டுப்போன இடத்தில் நீயே போட்டுப் படித்துக்கொள்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் அக்கா வரமாட்டேன் என்கிறாள் என்று உன் பெண்டாட்டி இர்ஃபானா சொல்லியிருப்பாள். உன் வீட்டு போன் கூடத்தில் இருக்கிறது. உன் பெண்டாட்டியும், அவளைப் பார்க்க வந்தவர்களும், டிவியுமாக இருக்கிற இடத்தில் நின்று நான் இதைப் பேச முடியாது. கோபம் என்று நினைக்காதே. கோபமும் இருக்கிறது.

பிள்ளைக்கு நாற்பதாம் ஃபாத்திஹா போன வெள்ளிக்கிழமை ஓதினோம். நீ அனுப்பிய பணத்தில்தான் சோறு போட்டது. நிறையப் பேர் வந்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் வந்து உட்காரத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே உமிக் கம்பெனி மேனேஜர் வந்தார். நாற்பது முடியட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். ஒரு தாள் கொண்டுவந்தார். அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. நிலக்கரியை எரித்துக் கரண்டு எடுத்தால் வானத்துக்குக் கெட்ட புகை போகுமாம். இவர்கள் நெல் உமியை எரித்து எடுப்பதால் அந்தப் புகை குறைகிறதாம். குறைந்த புகைக்கு வெளிநாட்டுக்காரர்கள் பணம் தருவார்களாம். அது வந்தால் இரண்டாவது பாய்லர் வைப்பார்களாம். அதற்கு முன்னால் வெளிநாட்டு ஆட்கள் மே மாதம் வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, இந்தக் கம்பெனியால் உங்களுக்குக் கஷ்டம் உண்டா என்று ஊர்ச்சனத்தைக் கேட்பார்களாம்.

தாளை இர்ஃபானாதான் படித்துக் காட்டினாள். சிறுமி அனுமதி இல்லாமல் கம்பெனி எல்லைக்குள் நுழைந்துவிட்டாள், ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, குடும்பத்தாருக்குப் புகார் எதுவும் இல்லை என்று இருக்கிறது. கீழே என் பேர் டைப் அடித்திருக்கிறது. படித்து முடித்ததும் இர்ஃபானா பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டுட்டா அப்பறம் யாரும் உங்கள வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்கம்மா" என்றார் மேனேஜர்.

"இப்பவும் யாரும் பண்ணலயே. நீங்கதான் வந்திருக்கீங்க" என்றேன்.

டீ குடிக்காமல் போய்விட்டார். தாள் என்னிடம்தான் இருக்கிறது.

எல்லைக்குள் நுழைந்தாள் என்று எழுதியிருக்கிறார்களே, எது எல்லை? அங்கே ஒரு முள்ளுக்கட்டை கூடக் கிடையாது. இன்னொன்று, உனக்குச் சொன்னார்களோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன். பிள்ளை விழுந்த அந்தச் சாம்பல் பள்ளம் கம்பெனி இடத்தில் இல்லை. உன் தாழ்வயலில் இருக்கிறது. அத்தா உன் பங்குக்குக் கொடுத்த மூன்று மா நிலம். உமி அம்பாரம் போட என்று கேட்டுத்தான் குத்தகைக்கு எடுத்தார்கள். அப்புறம் அதில் மண்ணை வெட்டிக் கம்பெனித் தரைக்கு நிரவினார்கள். வெட்டின பள்ளத்தில் சாம்பலைக் கொட்டினார்கள். உன் பெண்டாட்டிக்கு இது தெரியும்.

கையெழுத்துப் போடவா வேண்டாமா? நீ ஊர் உலகம் பார்த்தவன். உன் வாயால் சொல்லு.

இப்படிக்கு,
ரஹ்மத் பீவி


ஃபஹாஹீல், குவைத்.
2-4-2006

அன்புள்ள அக்கா அவர்களுக்கு, ஜாஃபர் சாதிக் ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கையெழுத்தை இன்றுதான் முதல்தடவை பார்க்கிறேன். கவரை வைத்துக்கொண்டு வெகுநேரம் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்குத் தெரியாது அக்கா. அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது. உமி போட என்றுதான் இர்ஃபானா போனில் சொன்னாள், சரி என்றேன். எட்டு வருஷமாகத் தண்ணீர் ஒழுங்காக வராத வயல். வாய்க்காலின் கடைசி. ஒரு போகம் எடுப்பதற்குள் மூன்று தடவை அழ வேண்டியிருக்கிறது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். சும்மா கிடப்பதற்கு ஏதோ வரட்டும் என்று நினைத்தேன்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் தங்கியிருக்கும் ரூம் ஜன்னலைத் திறந்தால் ரிஃபைனரியின் உயரமான குழாய் தெரியும். அதன் வாயில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை வேண்டாமென்று எரித்துத் தள்ளுகிறார்கள். பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன், அது அணைந்து நான் பார்த்ததில்லை. நம் தாலுகா முழுக்க ஒரு வருஷம் அடுப்பெரித்தாலும் இதன் ஒரு மாசப் புகை வராது. இதைப் பார்த்துப் பார்த்துத்தான் நம் ஊருக்கு உமிக் கம்பெனி வந்தபோது சந்தோஷப்பட்டேன். வீணாகப் போகிற உமி கரண்டாகிறது. கரி மிச்சம். ஊர்ப் பிள்ளைகள் இருபது பேருக்கு வேலை. இதில் என்ன தப்பு என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

பாசித்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. ஐடிஐ முடித்ததும் எல்லாப் பிள்ளைகளையும் போல இங்கே வருகிறேன் என்றுதான் நின்றான். நான்தான் வேண்டாம் என்றேன். ஐம்பது டிகிரி வெயிலில் இரும்புச் சாரத்தில் ஏறி நிற்கும்போது கையுறை ஓட்டை வழியாகச் சூடு இறங்கும். அத்தா மௌத்துக்கு நான் வரமுடியவில்லை. மச்சான் மௌத்துக்கு வரமுடியவில்லை. ஹஃப்ஸாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு எட்டு வயசு. என் மகன் இந்தக் கணக்கில் சேரக்கூடாது. பாய்லரில் அவனுக்குத் தற்காலிக வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது பாய்லர் வந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். போன மாசம் பேசினபோது கையில் ஆவி பட்டுவிட்டது, கட்டுப்போட்டிருக்கிறது என்றான். அப்படி இருந்தும் வேலையை விடவில்லை.

கையெழுத்தைப் போட்டுவிடுங்கள் அக்கா. போடாவிட்டால் பிள்ளை திரும்பி வந்துவிடப் போகிறதா?

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளை யார் அங்கே போகச் சொன்னது?

தம்பி,
ஜாஃபர் சாதிக்


மேலவாய்க்கால்.
20-4-2006

தம்பிக்கு,

நான்தான் போகச் சொன்னேன்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

உன் மச்சான் போன பிறகு நான் எப்படிப் பிழைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உமிக்கரியை இடித்துச் சலித்து, உப்பும் கிராம்பும் சேர்த்துப் பல்பொடி பொட்டலம் போடுகிறேன். கீழ்வேளூரில் நாலு கடை, நாகூரில் இரண்டு கடை எடுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் நம் ஊர் ரைஸ்மில்லில் உமியும் ஓசி, கரியும் ஓசி. உமிக் கம்பெனி வந்த பிறகு மில்காரர் ஒரு பிடி உமியை வெளியே விடுவதில்லை. எல்லாம் லாரியில் அங்கே போகிறது. கம்பெனிக்காரர்கள் சாம்பலை மட்டும் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்றார்கள்.

உமிச்சாம்பல் குவியல் எப்படி இருக்கும் என்று நீ மறந்திருக்கலாம். மேலே நன்றாக வெந்து வெள்ளையாக இருக்கும். அது பல்லுக்கு ஆகாது, கூசும். ஒரு சாண் விலக்கினால் உள்ளே கருப்பாக இருக்கும், அதுதான் சரக்கு. மில்லில் அன்றன்றைக்குத் தண்ணீர் அடித்துவிடுவார்கள். மேலே வெள்ளை பூத்துவிட்டால் ஆறிவிட்டது என்று அர்த்தம். சின்னப் பிள்ளையிலிருந்து நான் அப்படித்தான் அள்ளியிருக்கிறேன். எங்கம்மா அப்படித்தான் என்னை அனுப்பினாள்.

தை பத்தாம் தேதிக்கு மேல் ஒரு செவ்வாய்க்கிழமை. பாசித் ஷிஃப்ட் முடிந்து வந்தான். "மாமி, தாழ்வயல் பக்கம் கொட்டி ஒரு வாரமாச்சு. வெள்ளையா கெடக்கு, ஆறியிருக்கும். நாளைக்குப் புதுசு கொட்டிடுவான், இன்னைக்கே அள்ளிக்கிங்க" என்றான். எனக்கு நாகூர் பொட்டலம் கட்ட வேண்டியிருந்தது. ஹஃப்ஸாவைக் கூப்பிட்டு, மேலே இருக்கிற வெள்ளையை ஒதுக்கிட்டு நடுவில் போய்க் கருப்பா அள்ளிட்டு வா என்று சாக்கும் தட்டும் கொடுத்தேன். நீ அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டு போ என்றேன். சாம்பல் ஒட்டிவிடும் என்று வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனாள்.

கம்பெனியில் தண்ணீர் அடிப்பதில்லை தம்பி. பாசித் பிறகுதான் சொன்னான். தண்ணீர் அடித்தால் சாம்பல் கனம் கூடும், டிராக்டர் நடை கூடும். அதுவுமில்லாமல் நிலத்துத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். உலர்ந்த சாம்பல் மேலே ஓடு கட்டிக்கொண்டு உள்ளே பத்து நாளானாலும் கனன்றுகொண்டே இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் மில் சாம்பல்தான் தெரியும்.

நடுவில் போனதும் உள்வாங்கிவிட்டது. இடுப்பு வரை.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் பாசித்தான். பலகையைப் போட்டு அதன்மேல் படுத்துக் கையை விட்டு இழுத்திருக்கிறான். அவன் கையில் பட்டது பாய்லர் ஆவி இல்லை. தஞ்சாவூரில் ஆறு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் என்னிடம், "அம்மா, சாக்க அங்கயே விட்டுட்டேன்" என்றாள். நான் திட்டுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது உனக்குப் புரியும். நான் கையெழுத்துப் போட்டால் என் பிள்ளை திருட்டுத்தனமாகப் போய்ச் செத்ததாக ஆகிவிடும். போடாமல் மே எட்டாம் தேதி பள்ளிக்கூடத்தில் போய் உண்மையைச் சொன்னால், ஆறிவிட்டது என்று சொன்னவன் உங்கள் வீட்டுப் பிள்ளை பாசித்தான் என்று கம்பெனி அவன் தலையில் கட்டிவிடும். அவன் என் எதிரில் உட்காருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறான். கட்டுப்போட்ட கையால் பிசைய முடியாமல் பிசைந்து சாப்பிடுகிறான். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ரஹ்மத் பீவி


ஃபஹாஹீல்.
30-4-2006

அக்கா,

என்கூட வேலை பார்க்கும் மருதையன் லீவில் ஊருக்கு வருகிறார். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, அவர் கீழே காத்திருக்கும்போதே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் மேலே சாரத்தில் வைத்துப் படித்தேன். இறங்க முடியவில்லை. ஃபோர்மேன் மேலே வந்து கையைப் பிடித்து இறக்கினார்.

அவளை யார் போகச் சொன்னது என்று கேட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்கிற தகுதி எனக்குக் கிடையாது. என் பிள்ளைக்காக மட்டும் கேட்கிறேன். எட்டாம் தேதி நீங்கள் போகாதீர்கள். போனாலும் அவன் பேர் வேண்டாம். அவனுக்கு இருபத்தொரு வயசு. போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்துவிட்டால் இங்கேயும் வரமுடியாது, அங்கேயும் வேலை கிடைக்காது. உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மருதையனிடம் ஒரு கம்பளி கொடுத்திருக்கிறேன். அதைத் தவிர என்ன அனுப்புவதென்று தெரியவில்லை.

ஜாஃபர்


மேலவாய்க்கால்.
15-5-2006

தம்பிக்கு ஸலாம்.

மருதையன் கடிதத்தையும் கம்பளியையும் கொடுத்தார். இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று நீ யோசிக்கவில்லையா? பரவாயில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நான் போனேன். பயப்படாமல் கடைசி வரை படி.

பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டு, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர், உன் வயசு இருக்கும். வெயிலில் முகம் சிவந்து கொப்புளித்த மாதிரி ஆகிவிட்டது. மெட்ராஸ்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து நாம் பேசுவதை இங்கிலீஷில் சொன்னாள். மேனேஜரும் நாலு ஆபீசர்களும் ஓரமாக நின்றார்கள். பாசித் வாசல் தூணை ஒட்டி நின்றான். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

முதலில் மேலத்தெரு வீரையன் எழுந்தார். உனக்குத் தெரியுமே, வாயை அடக்கத் தெரியாதவர். "எங்க ஊரு உமி, எங்க ஊரு தண்ணி, கரண்டும் எங்க ஊர்லதான் எடுக்கிறாங்க. நல்லதுதான். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டுல மட்டும் கரண்டு இருக்க மாட்டேங்குது. அது எந்த வழியா போவுதுன்னு அந்த வெள்ளக்காரத் தம்பிய கேட்டுச் சொல்லும்மா, நான் போயி திருப்பிக் கூட்டியாறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் அதைச் சொன்னதும் வெளிநாட்டுக்காரரும் சிரித்தார்.

காளியம்மாள் சிரிக்கவில்லை. "முன்னல்லாம் அடுப்புக்கு உமி ஓசியில அள்ளியாருவோம். இப்ப மூட்டை நாப்பது ரூவா. நான் ஆத்தங்கரையில கருவை வெட்டி எரிக்கிறேன், கண்ணு ரெண்டும் அவிஞ்சுபோச்சு. அவங்க கொறைச்ச பொகையதான் எழுதுறாங்க. நான் கெளப்புற பொகைய யாரு எழுதுவா?" என்றாள். வெளிநாட்டுக்காரர் அதைத் திருப்பிக் கேட்டுத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நான் பேசுவதாக நினைத்துப் போகவில்லை தம்பி. உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவோம் என்றுதான் போனேன். முடிக்கப் போகிறார்கள். மேனேஜர், வேற யாராவது உண்டா, இல்லையே என்று கேட்கிறார். அந்த இல்லையே என்ற சொல்லில்தான் எழுந்துவிட்டேன்.

இப்படித்தான் பேசினேன். "என் பேரு ரஹ்மத் பீவி. என் மக ஹஃப்ஸா, ஏழாவது படிச்சா. கம்பெனி சாம்பல ஓசியா எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. பல்பொடிக்கு அள்ளிட்டு வரச்சொல்லி நான்தான் அனுப்புனேன். என் தப்புதான். ஆனா அந்தச் சாம்பல்ல தண்ணி ஊத்தல, சுத்தி வேலி போடல, உள்ள நெருப்பு இருக்குன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. எம்புள்ள அதுல எறங்கிச் செத்துப்போச்சு. நான் கம்பெனிய மூடச் சொல்லல. என் தம்பி மகன் அங்க வேலை பாக்குறான், இன்னும் பத்துப் பேரு பாக்கட்டும். வேலி போடுங்க. தண்ணி ஊத்துங்க. அது போதும்."

பாசித் பேரை நான் எடுக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

நான் அவ்வளவு நேரம் நின்று பேசியதை அந்தப் பெண் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். இங்கிலீஷில் எல்லாம் சுருக்கமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினார். அப்புறம் எழுதினார். அவர் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். என் பிள்ளை பேர் ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது என்று எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து பசித்துச் சாப்பிட்டேன்.

மேனேஜர் கொடுத்த தாளைக் கிழிக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் அங்கேயே மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரஹ்மத் பீவி


ஃபஹாஹீல்.
3-10-2006

அன்புள்ள அக்கா,

நாலு மாசமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய அறிக்கை கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். என் ரூமில் யூனுஸ் என்று ஒரு பையன், காரைக்கால்காரன், ஆபீசில் கிளார்க். அவன் வெள்ளிக்கிழமை நெட் சென்டருக்குக் கூட்டிப்போய் அதைத் திறந்து காட்டினான். அறுபத்திரண்டு பக்கம். நம் ஊர்ப் பேர் இருக்கிறது, பாய்லர் படம் இருக்கிறது. வருஷத்துக்கு இருபத்தெட்டாயிரம் டன் கெட்ட புகை மிச்சம் என்று இருக்கிறது. சாம்பலுக்குத் தண்ணீர் அடிக்காததால் நிலத்தடி நீர் இவ்வளவு மிச்சம் என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. காளியம்மாள் அக்கா சொன்னதுகூடக் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது என்று ஒரு வரியில் இருக்கிறது.

ஊர்க்கூட்டம் என்று ஒரு பக்கம். அதில் உங்களைப் பற்றி இருப்பதை யூனுஸ் தமிழில் சொன்னான். நான் தாளில் எழுதிக்கொண்டேன். இதை மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

"உள்ளூர்ப் பெண் ஒருவர், சாம்பல் கிராம மக்களுக்கு இலவசமாகக் கிடைப்பதாகவும் அது பல் துலக்கப் பயன்படுவதாகவும் தெரிவித்தார். வேலி அமைப்பது குறித்து ஆலோசனை வழங்கினார். திட்டத்துக்கு எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கப்படவில்லை."

அவ்வளவுதான். யூனுஸை மூன்று தடவை முதலிலிருந்து தேடச் சொன்னேன். பேரை அடித்தால் அதுவே தேடிக் காட்டுமாம். ஹஃப்ஸா என்று அடித்தான். இல்லை என்று வந்தது. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தான். இல்லை என்றே வந்தது.

இரண்டாவது பாய்லருக்கு அனுமதி ஆகிவிட்டது. பாசித்துக்கு வேலை நிரந்தரம் என்று மேனேஜர் கடிதம் கொடுத்துவிட்டதாக இர்ஃபானா போனில் சொன்னாள். பாயசம் வைத்தாளாம். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது அக்கா. அவன் பேரும் வரவில்லை, அவள் பேரும் வரவில்லை.

தாழ்வயல் குத்தகை தையோடு முடிகிறது. அதை நிறுத்திவிடச் சொல்லி எழுதுகிறேன். அந்த நிலம் இனி எனக்கு வேண்டாம். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ஜாஃபர் சாதிக்


மேலவாய்க்கால்.
6-11-2006

தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் வேண்டிய காலத்தில் வராமல் இப்போது வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

அந்த வரியைப் பாசித்தை விட்டு நாலைந்து தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை தம்பி. சாம்பல் இலவசம்தான். பல் துலக்கத்தான் அனுப்பினேன். வேலி கேட்டது உண்மை. மூடச் சொல்லவில்லை என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெண் மேலும் எனக்குக் கோபம் இல்லை. என்னிடமிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிட்டார்கள். நெல்லில் அரிசியை எடுத்துக்கொண்டு உமியைத் தள்ளுகிற மாதிரி. உமிக்குக்கூட இப்போது விலை இருக்கிறது.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லப் பயந்து என்னை எழுதச் சொன்னான். பாசித் வேலையை விட்டுவிட்டான். நிரந்தரக் கடிதம் வந்த பதினோராம் நாள். பாயசம் வைத்த அன்றைக்கே அவன் சாப்பிடவில்லை. "பாய்லர் கதவத் தெறந்தாலே எனக்கு அந்த வாடை வருது மாமி" என்றான். நாகப்பட்டினத்தில் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். கத்தாரோ துபாயோ, எங்கே முதலில் வருகிறதோ அங்கே. இர்ஃபானா அழுதுகொண்டே இருக்கிறாள். என்னிடம் வந்து, "மதினி, நீங்க சொன்னா கேப்பான், நில்லுன்னு சொல்லுங்க" என்றாள். என்னால் சொல்ல முடியவில்லை. இந்த ஊரில் அவன் எந்தப் பக்கம் நடந்தாலும் தாழ்வயலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

நீ ஜன்னலில் பார்க்கிற நெருப்பை அவனும் வந்து பார்க்கட்டும். நீயும் நானும் அவனை இங்கே நிறுத்துவதற்காக எவ்வளவோ மறைத்தோம். அவன் நிற்கவில்லை.

குத்தகையை நிறுத்தாதே. யோசித்துத்தான் சொல்கிறேன். உன் நிலத்தில் கொட்டாவிட்டால் வேறு யார் நிலத்திலாவது கொட்டுவார்கள். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியாமல் போகும். இங்கேயென்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேலி வரவில்லை. ஒரு போர்டு மட்டும் வந்திருக்கிறது. பச்சை இலை படம் போட்டு, பசுமை மின்சாரம் என்று எழுதியிருக்கிறது. கருவை முள்ளை வெட்டி மூன்று பக்கம் நானே அடைத்துவிட்டேன், காளியம்மாளும் கூட வந்தாள். டிராக்டர் வரும் பக்கம் அடைக்க முடியாது. அந்த ஒரு பக்கத்துக்குத்தான் நான். காலையில் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை போகிறேன். கைபம்பில் அடித்து என்னால் முடிந்த குடம் ஊற்றுகிறேன். முப்பது குடத்துக்கு மேல் முடிவதில்லை. வாட்ச்மேன் முதலில் விரட்டினார், இப்போது பேசாமல் இருக்கிறார்.

பல்பொடி போடுவதை விட்டுவிட்டேன். ஆனால் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. போன வாரம் ராமாயி பேத்தி கொட்டாங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். யார் அனுப்பினது என்றேன். எங்கம்மா என்றாள். அவளை முள்ளுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நானே ஓரத்தில் ஆறின இடத்தில் அள்ளிக் கொடுத்து அனுப்பினேன். அவள் அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் மில் சாம்பல்தான் தெரிந்திருக்கிறது.

எனக்காக ஒன்று செய். அந்த யூனுஸ் பிள்ளையிடம் சொல்லி இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பு. பெரிதாக ஒன்றும் வேண்டாம். உள்ளூர்ப் பெண் ஒருவர் என்று எழுதியிருக்கிறார்களே, அந்த இடத்தில் ரஹ்மத் பீவி என்று போடச் சொல். பக்கத்தில், ஹஃப்ஸாவின் தாய் என்று போடச் சொல். பிறகு யாராவது அந்தப் பேரை அடித்துத் தேடினால் இல்லை என்று வரக்கூடாது.

எழுதினால் உன் நிலம் என்பதும் வெளியே வரும். ஆறிவிட்டது என்று சொன்னது யார் என்று கேட்டாலும் கேட்பார்கள். பாசித்திடம் இதைச் சொன்னேன். "எழுதச் சொல்லுங்க மாமி, நான் கெளம்பறதுக்குள்ள எழுதச் சொல்லுங்க" என்றான். இப்போது உன் கையில் இருக்கிறது. எழுதாவிட்டாலும் உன்னை நான் கேட்கமாட்டேன். ஆனால் எழுதினேன் என்று பொய் சொல்லாதே.

நேற்று புதிதாக இரண்டு டிராக்டர் கொட்டியிருக்கிறார்கள். இன்று காலை மழை விட்டதும் போய் ஒரு நீளக் கம்பியைச் சாம்பலுக்குள் விட்டுப் பார்த்தேன். மேலே வெள்ளை பூத்து, தூறல் விழுந்து குழி குழியாக இருந்தது. ஒரு முழம் வரை குளிர்ச்சி. அதற்குக் கீழே போன கம்பியின் நுனியைத் தொட முடியவில்லை.

அக்கா,
ரஹ்மத் பீவி